ஒப்பந்தத்தில் தரநிலை எண் எழுதும்போது எந்த ஆண்டுப் பதிப்பு? ராணிப்பேட்டை, ஆம்பூர், வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் ஷாப் வைத்திருப்பவர், ஆம்பூரிலிருந்து காலணி ஏற்றுமதி செய்பவர், சத்துவாச்சாரியில் வீடு கட்டுபவர். மூன்று பேருக்கும் தொழிலில் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரையோ ஒப்பந்தத்தையோ எடுத்துக்கொண்டு என்னிடம் வரும்போது மூவர் தாளிலும் ஒரே குறை இருக்கிறது. "ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) இத்தனைப்படி", "ஐ.எஸ்.ஓ. (பன்னாட்டுத் தரநிலை) இத்தனைப்படி" என்று எண் இருக்கும், ஆண்டு இருக்காது. ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதே பல வருடமாக என் வேலை. இந்த ஒரு குறையால் நல்ல மனிதர்கள் பணத்தை இழப்பதைப் பார்த்த வேதனையில்தான் கேள்விகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

எண்தான் எழுதியிருக்கிறோமே, ஆண்டு எதற்கு?

வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். "வட ஆற்காடு மாவட்டம், வாலாஜா தாலுக்கா" என்று இருக்கும். 1989-ல் அந்த மாவட்டம் இரண்டாகி ஒரு பாதி திருவண்ணாமலைப் பக்கம் போனது. மீதிப் பகுதிக்குப் பின்னாளில் வேலூர் என்று பெயர் வந்தது. 2019-ல் வேலூரும் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. இத்தனை நடந்தும் உங்கள் நிலம் எது என்பதில் சந்தேகம் வரவில்லை. பத்திரத்தில் சர்வே எண்ணும் நான்கெல்லையும் இருப்பதே காரணம். வெறும் மாவட்டப் பெயரை மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தரநிலையில் எண் என்பது அந்த மாவட்டப் பெயர் மாதிரி. ஆண்டுதான் நான்கெல்லை. "ஐ.எஸ். 456:2000" என்பதில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் பதிப்பாண்டு. கான்கிரீட்டுக்கான இந்தத் தரநிலை முதலில் 1953-ல் வந்தது. 1957, 1964, 1978, 2000 என்று எண் மாறாமல் உள்ளே இருப்பது மாறிக்கொண்டே வந்தது. 1978 பதிப்பில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 போதும் (எம் என்பது வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும்). 2000 பதிப்பில் குறைந்தபட்சமே எம்20. சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் டைப் அடித்துத் தரும் வீட்டு ஒப்பந்தங்களில் "ஐ.எஸ். 456-படி, 1:2:4 கலவை" என்ற வரியை இப்போதும் பார்க்கிறேன். 1:2:4 என்பது சிமெண்ட், மணல், ஜல்லி அளவு, ஏறக்குறைய எம்15. ஒரே வரிக்குள் பழைய பதிப்பின் கலவையும் ஆண்டில்லாத எண்ணும் உட்கார்ந்திருக்கின்றன. நாளைக்கு ஸ்லாபில் விரிசல் விட்டால் வீட்டுக்காரர் 2000 பதிப்பைக் காட்டுவார், மேஸ்திரி ஒப்பந்தத்தில் உள்ள 1:2:4-ஐக் காட்டுவார்.

ஆண்டு எழுதாமல் விட்டால் சட்டப்படி எது பொருந்தும்?

"இந்தப் பதிப்புதான்" என்று நேராகச் சொல்லும் சட்டப்பிரிவு இந்தியாவில் இல்லை. சட்டங்களுக்கு அந்த வசதி உண்டு. 1897-ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, ஒரு சட்டத்தை நீக்கிவிட்டு வேறொன்றை மீண்டும் இயற்றினால், ஆவணங்களில் உள்ள பழைய குறிப்பைப் புதியதற்கான குறிப்பாகப் படிக்க வேண்டும், வேறு எண்ணம் தெரிந்தாலொழிய. தரநிலை என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. எனவே அந்தப் பிரிவைக் காட்டித் தப்பிக்க முடியாது.

ஒப்பந்தமே செல்லாமல் போய்விடுமோ என்றும் சிலர் பயப்படுகிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆண்டு விட்டுப்போனது அந்த அளவுக்குப் போகாது, ஏனென்றால் கொட்டேஷன், மெயில், வரைபடம், அந்தத் தொழிலின் வழக்கம் இவற்றை வைத்து நிச்சயப்படுத்த முடியும். அதை எப்படி நிச்சயப்படுத்துவது என்பதில்தான் சண்டையே. எழுத்தில் குழப்பம் இருந்தால் எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்ளும் மரபு நீதிமன்றங்களில் உண்டு. ஆகையால் ஒப்பந்தத்தைத் தயாரித்த தரப்பு "நம்ம வாசகம்தானே" என்று தெம்பாக இருக்கவும் வழியில்லை.

தரநிலைகளுக்குள்ளேயே ஒரு மரபு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. தரநிலைகளின் தொடக்கத்தில், ஆண்டோடு சொன்ன மேற்கோளுக்கு அந்தப் பதிப்பு மட்டும், ஆண்டில்லாமல் சொன்னதற்குத் திருத்தங்களோடு சேர்ந்த கடைசிப் பதிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு தரநிலை இன்னொன்றைச் சொல்வதற்கான விதி. உங்கள் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதியது அல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்து வீசுவார் என்பது மட்டும் உறுதி. இந்தியத் தரநிலைகளை வெளியிடும் அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் தரநிலைகள் பலவற்றில், தரநிலைகள் மாறக்கூடியவை, ஒப்பந்தம் செய்பவர்கள் புதிய பதிப்பைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ந்துகொள்ளலாம் என்ற பொருளில் ஒரு வாசகம் வரும். படித்துப் பாருங்கள், அது எதையும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கும் வேலையை உங்களிடமே விட்டிருக்கிறது.

"லேட்டஸ்ட் பதிப்பு" என்று போட்டுவிட்டால் தீர்ந்ததா?

தீரவில்லை. எந்தத் தேதிக்கு லேட்டஸ்ட்? விலை கொடுத்த தேதியா, ஆர்டர் வந்த தேதியா, பொருள் செய்த தேதியா, லாரி ஏறிய தேதியா, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த தேதியா? எட்டு மாதம் ஓடும் வேலையில் இவற்றுக்கிடையே ஒரு புதிய பதிப்பு வந்து விழுவது அதிசயமில்லை.

சப்ளை செய்பவர் இதில் கவனிக்க வேண்டியது விலை. இன்றைய பதிப்பைப் பார்த்து விலை போட்டிருக்கிறீர்கள். "அவ்வப்போது வெளிவரும் கடைசிப் பதிப்பு" என்ற வரிக்குக் கையெழுத்துப் போட்டால், இன்னும் யாரும் எழுதாத ஒரு ஆவணத்துக்கும் அதே விலையில் கட்டுப்பட்டுவிட்டீர்கள். வாங்குபவர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பழசாகிப்போன பதிப்பில் செய்த பொருளை அவர் யாரிடம் விற்பார்? ஆகவே "லேட்டஸ்ட்" வேண்டுமென்றால் வேண்டட்டும். பக்கத்திலேயே ஒரு தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

ஆம்பூர் ஷூ விவகாரம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

பலரும் கேட்பதால் விவரமாகவே சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

பாதுகாப்புக் காலணிக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 20345. வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய ஆர்டரில் ஒரே வரி: "ஐ.எஸ்.ஓ. 20345, கடைசிப் பதிப்பு, எஸ்3 எஸ்.ஆர்.சி." எஸ்3 என்பது காலணியின் பாதுகாப்பு வகை, எஸ்.ஆர்.சி. வழுக்காமைக் குறி. வருடக்கணக்கில் செய்துவந்த மாடல்தான், யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை. சோலில் "எஸ்.ஆர்.சி." எழுத்து மேடாக வரும்படி அலுமினிய மோல்டில் செதுக்கியிருந்தார்கள்.

2011 பதிப்பில் வழுக்காமைக்கு மூன்று குறி உண்டு. சோப்புத் தண்ணீர் ஊற்றிய செராமிக் டைலில் தேறினால் எஸ்.ஆர்.ஏ., கிளிசரின் பூசிய ஸ்டீல் தரையில் தேறினால் எஸ்.ஆர்.பி., இரண்டிலும் தேறினால் எஸ்.ஆர்.சி. 2021 பதிப்பு இந்த மூன்றையும் எடுத்துவிட்டது. சோப்புத் தண்ணீர் டைல் சோதனை எல்லாக் காலணிக்கும் அடிப்படைத் தேவை ஆகிவிட்டது. அதற்கு மேல் கிளிசரின் ஊற்றிய டைலிலும் தேறினால் எஸ்.ஆர். என்று ஒரே குறி. ஸ்டீல் தரைச் சோதனையே இல்லை. அதாவது பழைய எஸ்.ஆர்.சி. வாங்கிய சோல் புதிய எஸ்.ஆர். சோதனையில் தானாகத் தேறிவிடும் என்று சொல்ல முடியாது, தரை வேறு.

ஆணி துளைக்காமைக்கும் இதே கதை. முன்பு உள்ளே தகடு இருந்தாலும் துணி அடுக்கு இருந்தாலும் எஸ்3 என்றே போடலாம். 2021-ல் தகடு என்றால் எஸ்3. துணி அடுக்கு என்றால், 4.5 மி.மீ. ஆணியில் சோதித்தது எஸ்3எல், 3 மி.மீ. ஆணியில் சோதித்தது எஸ்3எஸ். இவர்கள் மாடலில் இருந்தது துணி அடுக்கு.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் கையில் 2021 செக்லிஸ்ட். "கடைசிப் பதிப்பு" என்ற சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். நிறுவனத்தார் "எஸ்.ஆர்.சி." என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. வாங்குநர் ஒரு வழியாக அந்த லாட்டை மட்டும் 2011-படி ஏற்றுக்கொள்வதாக மெயில் அனுப்பினார். அடுத்த லாட்டுக்கு மோல்டுகளை இறக்கி, செதுக்கிய எழுத்துக் குழியை வெல்டு வைத்து நிரப்பி, சமமாகத் தேய்த்து, புதிதாகச் செதுக்க வேண்டியிருந்தது. மோல்டு ஷாப்பில் பெஞ்சின் மேல் அந்த அலுமினியத் துகள் மின்னிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன். உரிமையாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. டங்கில் (காலணியின் நாக்குப் பகுதியில்) தைக்கும் லேபிளையும் மாற்றினார்கள், ஏனென்றால் தரநிலையின் எண்ணோடு ஆண்டையும் காலணியிலேயே குறிக்கச் சொல்வது இந்தத் தரநிலை.

இன்னொரு கண்ணி. ஐ.எஸ்.ஓ.வில் 2021 என்று வந்த உரை ஐரோப்பியத் தரநிலையாக 2022 என்ற ஆண்டைத் தாங்கி வருகிறது. நம் நாட்டில் ஐ.எஸ். 15298 பகுதி 2 என்பதன் 2016 பதிப்பில் உள்ளது ஐ.எஸ்.ஓ.வின் 2011 உரை. வெறும் "2016 பதிப்பு", "2022 பதிப்பு" என்று எழுதினால் போதாது. எந்த அமைப்பின் எண்ணோ அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தோலில் குரோமியம் ஆறு சோதனைக்கு என்ன எழுத வேண்டும்?

தோல் அனுப்புகிறவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 1 முதல் சருமத்தில் படும் தோல் பொருள்களில் குரோமியம் ஆறு (குரோமியத்தின் தீங்கான வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சோதனை முறை ஐ.எஸ்.ஓ. 17075. இது 2007-ல் ஒரே ஆவணமாக இருந்தது. 2017-ல் இரண்டு பகுதியாகப் பிரிந்தது. பகுதி 1 நிறத்தை அளக்கும் முறை, பகுதி 2 குரோமட்டோகிராஃபி முறை. இன்றைக்கு "ஐ.எஸ்.ஓ. 17075-படி" என்று எழுதினால் எந்தப் பகுதி என்ற கேள்வி முதலில் நிற்கும்.

இது வெறும் காகிதச் சிக்கல் இல்லை. அடர் சாயம் ஏற்றிய தோலில் சாயமே கரைசலில் இறங்கி நிறமானிக் கணக்கைக் குழப்பக்கூடும். குரோமட்டோகிராஃபியில் சாயம் தனியே பிரிந்துவிடும். ஒரே கறுப்புத் தோலுக்கு இரண்டு லேப் இரண்டு எண் கொடுத்தால் எதை நம்புவது என்பதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். அடர் நிறமென்றால் சச்சரவு வரும்போது பகுதி 2 முடிவே இறுதி என்று எழுதிவிடும்படி நான் சொல்வேன்.

கூடவே ஒன்று. பதனிடும்போது போடும் குரோமியம் மூன்று, வெப்பம், வெளிச்சம், தோலை மென்மையாக்கப் போடும் சில எண்ணெய் வகை ஃபேட் லிக்கர் இவற்றால் பிறகுகூட ஆறாக மாறலாம். அதனால் சில வாங்குநர்கள் தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து முதுமைப்படுத்திய பிறகு சோதிக்கச் சொல்வார்கள், அதற்கு ஐ.எஸ்.ஓ. 10195 தனியாக இருக்கிறது. வாணியம்பாடி டேனரியிலிருந்து கிளம்பும்போது தேறிய தோல் வாங்குநரின் லேபில் தேறாமல் போக இது ஒன்றே போதும். முதுமைப்படுத்த வேண்டுமா வேண்டாமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் உள்ள தரநிலையே ரத்தாகிவிட்டால்?

சிமெண்டில் இது நடந்திருக்கிறது. 43 கிரேடுக்கு ஐ.எஸ். 8112, 53 கிரேடுக்கு ஐ.எஸ். 12269 என்று தனித்தனி எண் இருந்தன. 2015-ல் 33, 43, 53 மூன்றையும் ஐ.எஸ். 269 என்ற ஒரே தரநிலைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். காட்பாடியில் ஒரு வீட்டுக்காரர் வேலையையே நிறுத்திவிட்டார். ஒப்பந்தத்தில் 8112 இருக்கிறது, மூட்டையில் 269 அச்சிட்டிருக்கிறது, கான்ட்ராக்டர் மட்டமான சிமெண்ட் இறக்கிவிட்டார் என்பது அவர் எண்ணம். மூட்டையை நிமிர்த்தி வைத்து, அதே முகப்பில் "43 கிரேடு" என்று இருப்பதைக் காட்டிய பிறகுதான் கலவை ஓடியது. இரண்டு நாள் கூலி போனது போனதுதான். "ரத்தானால் அதற்குப் பதிலாக வந்த தரநிலையில் இணையான தரம்" என்று அரை வரி இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும்.

ஸ்டீலிலும் பாருங்கள். சிப்காட் ஷாப்களில் பழைய வரைபடம் ஐ.எஸ். 2062-ல் எஃப்.இ. 410 டபிள்யூ.ஏ. என்ற ஸ்டீல் தரத்தைக் கேட்கும். மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் இ 250 ஏ என்று வரும். 2006 பதிப்பில்தான் பெயரிடும் முறை மாறியது. அதில் பழைய பெயரை அடைப்புக்குள் வைத்திருந்தார்கள். 2011-ல் இ 250, அதற்குள் ஏ, பி.ஆர்., பி0, சி என்று உட்பிரிவுகள். 20 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் ஈல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமை) 250 மெகாபாஸ்கல் என்பது இரண்டிலும் ஒன்றுதான். இருந்தாலும் ஸ்டோர்ஸில் உட்காரும் பையன் பெயர் பொருந்தவில்லை என்று லாரியைத் திருப்பி அனுப்பினால் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆர்டரில் புதிய பெயரை எழுதி, "வரைபடத்தில் உள்ள பழைய பெயருக்கு இணை" என்று பக்கத்தில் குறித்துக் கொடுங்கள்.

எஃப்.இ. 500 டி கம்பி, ஐ.எஸ். 1786:1985 என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. டி கிரேடுகள் (உடையாமல் கூடுதலாக நீளும் கம்பிகள்) 2008 பதிப்பில் வந்தவை. 1985-ல் அப்படி ஒன்று கிடையாது. 2008-ன்படி எஃப்.இ. 500 கம்பியின் நீட்சி குறைந்தது 12 சதவீதம், 500 டி என்றால் 16. ஆண்டை மாற்றுங்கள்.

அமெண்ட்மென்ட் தனியாக வருகிறதே, அதையும் எழுத வேண்டுமா?

எழுதத்தான் வேண்டும். ஐ.எஸ். 456:2000-க்கு முதல் திருத்தம் 2001-லேயே வந்துவிட்டது. ஐந்தாவது 2019-ல் வந்தது. ஆண்டு "2000" என்றே இருக்கும், உள்ளே ஷரத்துகள் மாறியிருக்கும். எனவே "ஐ.எஸ். 456:2000" என்பதோடு, அன்றுவரை வந்த திருத்தங்களின் எண்களையும் எழுதினால்தான் முழுமை.

"மறு உறுதி செய்யப்பட்டது" என்று அச்சில் ஓர் ஆண்டு இருந்தால் அதைப் புதிய பதிப்பாக எண்ண வேண்டாம். குழு மறுபடி பார்த்து, மாற்றத் தேவையில்லை என்று விட்டது என்பதே பொருள்.

ஒரு தரநிலை இன்னொன்றைச் சொல்கிறது, அது வேறொன்றைச் சொல்கிறது. எதுவரை போவது?

ஐ.எஸ். 456-ன் பின்னிணைப்பில் மேற்கோள் தரநிலைகளின் பெரிய பட்டியலே உண்டு. ஜல்லி, மணலுக்கு ஐ.எஸ். 383. அங்கே 1970 பதிப்பு ஆண்டோடு இருக்கிறது. ஆனால் 2016-ல் 383 திருத்தப்பட்டுவிட்டது. இயற்கையிலிருந்து எடுக்கும் கற்களோடு, உலைக் கசடு, இடித்த கான்கிரீட்டை உடைத்து எடுக்கும் ஜல்லி இவற்றையும் வரம்போடு அனுமதித்தது. இடித்த கான்கிரீட் ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 வரைதான் போடலாம், அதுவும் பெரிய ஜல்லியில் 20 சதவீதத்துக்குள்.

பாலாற்று மணல் அள்ளிக் கட்டிய காலம் போய் எம்-சாண்டுக்கு வந்துவிட்ட ஊர் நம்முடையது. அடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியாது. சப்ளையர் இடித்த கான்கிரீட் ஜல்லியைக் கலந்துவிட்டு "383-ல் இருக்கிறதே" என்றால், உங்கள் ஒப்பந்தம் 456 வழியாக 1970-க்குப் போகிறதா, நேராக 2016-க்குப் போகிறதா? என் யோசனை: பொருளின் தரத்தை நேரடியாகத் தீர்மானிக்கிற நான்கைந்து தரநிலைகளை நீங்களே பெயர் சொல்லி, ஆண்டு சொல்லி எழுதுங்கள். மற்ற சங்கிலிக்கு, "மேற்கோள் தரநிலையில் ஆண்டு இருந்தால் அந்த ஆண்டு, இல்லாவிட்டால் ஒப்பந்தத்தின் அடிப்படைத் தேதியில் நடப்பில் இருந்தது" என்று ஒரு வரி (அடிப்படைத் தேதி என்பது இதற்கென்றே ஒப்பந்தத்தில் குறிக்கும் தேதி, கீழே சொல்கிறேன்). அதற்கு மேல் துரத்திப்போனால் வேலை நடக்காது.

இருவரும் ஒத்துக்கொண்டால் பழைய பதிப்பிலேயே செய்யலாமா?

சட்டம் கட்டாயப்படுத்தாத பொருளுக்குச் செய்யலாம். சிமெண்ட், கம்பி, கட்டுமான ஸ்டீல், உள்நாட்டில் விற்கும் காலணி எனப் பலவற்றுக்கு மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் இருக்கின்றன. அவற்றில் பலவும், பி.ஐ.எஸ். அறிவிக்கும் கடைசிப் பதிப்பும் திருத்தங்களும் அறிவித்த நாளிலிருந்து பொருந்தும் என்று சொல்கின்றன. அங்கே உங்கள் ஒப்பந்தத்தில் எந்த ஆண்டு இருந்தாலும் ஆணைதான் மேலே நிற்கும். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடுவதற்கு பி.ஐ.எஸ். கால அவகாசம் தருவதும் உண்டு. அந்த அறிவிப்பைத் தேடிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஏற்றுமதிக்கென்றே செய்யும் பொருளுக்குப் பெரும்பாலான ஆணைகளில் விலக்கு இருக்கிறது.

நடுவில் பதிப்பு மாறினால் கூடுதல் செலவு யாருடையது?

ஒப்பந்தம் எழுதும் நாளில் இதைக் கேட்பவர்கள் குறைவு. இதில்தான் பணம் இருக்கிறது.

பன்னாட்டு ஒப்பந்தங்களில் பயன்படும், ஃபிடிக் என்ற ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரி ஒப்பந்தமான 1999 மஞ்சள் புத்தகம் இதற்கு நல்ல வழி சொல்கிறது. டெண்டர் போடக் கடைசி நாளுக்கு 28 நாள் முன்பு உள்ள தேதியை அடிப்படைத் தேதி என்று வைத்துக்கொள்கிறது. தரநிலை என்றால் அந்தத் தேதியில் நடப்பில் இருந்த பதிப்பு. பிறகு புதியது வந்தால் கான்ட்ராக்டர் தெரிவிக்க வேண்டும், தேவையானால் எப்படி நிறைவேற்றலாம் என்று முன்மொழிய வேண்டும். அதை ஏற்று மாற்றினால் கூடுதல் வேலையாகக் கணக்காகும். யாருக்கும் தெரியாத எதிர்காலத்தை ஒருவர் தலையில் மட்டும் கட்டாத முறை இது. பத்து லட்ச ரூபாய் வேலைக்கும் இது பொருந்தும், பெரிய அணைக்கட்டுக்கு மட்டுமானது என்று ஒதுக்க வேண்டாம்.

பாய்லர், பிரஷர் வெசல் வேலைக்கு?

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) பாய்லர் விதித் தொகுப்பு 2013 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலையில் புதிய பதிப்பாக வருகிறது, ஆறு மாதம் கழித்துக் கட்டாயமாகிறது. இந்த ஆறு மாத இடைவெளியில் ஆர்டர் வந்தால் எந்தப் பதிப்பு என்று வெல்டிங் நடைமுறை எழுதுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அரசு டெண்டரில் நாம் மாற்ற முடியாதே?

வாசகத்தை மாற்ற முடியாது, கேள்வி கேட்கலாம். டெண்டருக்கு முந்தைய கூட்டம் இருந்தால் "அட்டவணையில் ஐ.எஸ். 383 என்று உள்ளது, எந்த ஆண்டு, எத்தனை திருத்தம்?" என்று எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலும் ஒப்பந்தத்தோடு சேர்ந்துவிட்டால் உங்களுக்குக் கவசம். நல்ல டெண்டர் ஆவணங்களில் "டெண்டர் பெறும் தேதிவரை வந்த திருத்தங்களோடு" என்று தெளிவாகவே இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. இனி என்ன செய்வது?

தகராறு வருவதற்கு முன்பு செய்தால் எளிது. ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இருவரும் இசைந்து ஒப்பந்தத்தை மாற்ற இடம் தருகிறது. "இந்த ஒப்பந்தத்தில் உள்ள தரநிலைகளுக்குக் கீழ்க்கண்ட பதிப்புகள் பொருந்தும் என இருதரப்பும் உறுதிசெய்கிறோம்" என்று ஒரு பக்கக் கடிதம், கீழே பட்டியல், இரண்டு கையெழுத்து. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் வந்ததை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள், மெயிலாவது வாங்குங்கள். எதிர்த்தரப்பு பழக்கமானவர் என்றால் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் நம்மவர்கள். "நமக்குள்ளே என்னங்க" என்பார்கள். நல்லுறவு இருக்கும்போதுதான் இதைக் கேட்க முடியும் ஐயா, சண்டை வந்த பிறகு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

அப்படியே போட்டுக்கொள்ள ஒரு வாசகம் கொடுங்களேன்.

நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இது. தொகை பெரிதென்றால் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

"இந்த ஒப்பந்தத்துக்கான அடிப்படைத் தேதி ____. அட்டவணையில் உள்ள தரநிலைகள் அங்கே குறித்த எண், பகுதி, ஆண்டு, திருத்தங்களின்படியே பொருந்தும். ஆண்டு குறிக்காத தரநிலைக்கு அடிப்படைத் தேதியில் நடப்பில் இருந்த பதிப்பும் அதுவரை வெளிவந்த திருத்தங்களும் பொருந்தும். ரத்தான தரநிலைக்குப் பதிலாக வேறொன்று வந்திருந்தால் அதிலுள்ள இணையான தரம் ஏற்கப்படும். அடிப்படைத் தேதிக்குப் பின் வரும் பதிப்போ திருத்தமோ, சட்டப்படி கட்டாயமானாலோ இருதரப்பும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டாலோ மட்டுமே பொருந்தும். அதனால் விலையிலோ காலத்திலோ மாற்றம் வருமென்றால், தெரியவந்த 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து முடிவுசெய்துகொள்ள வேண்டும். வரைபடமோ ஆர்டரில் உள்ள விவரமோ தரநிலையோடு முரண்பட்டால் ____ மேலோங்கும்."

கடைசி வரியில் உள்ள கோட்டை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். ஆம்பூரில் எஸ்.ஆர்.சி.யும் "கடைசிப் பதிப்பும்" மோதிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

பழைய பதிப்பைக் கையில் வைத்திருக்க வேண்டுமா? இணையத்தில் கிடைக்கிறதே?

பி.ஐ.எஸ். இணையதளத்தில் இந்தியத் தரநிலைகள் பலவற்றை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், ஐ.எஸ்.ஓ. ஆவணத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் தளத்தில் முன்னால் நிற்பது நடப்புப் பதிப்பு. உங்கள் ஒப்பந்தம் கட்டுப்படுவது அதில் குறித்த பதிப்புக்கு. ஸ்டீல் ஷெட்டுகளுக்கான ஐ.எஸ். 800, 1984 பதிப்பில் ஒரு கணக்கு முறையையும் 2007-ல் வேறொரு முறையையும் முதன்மையாக வைத்திருக்கிறது. 2004-ல் போட்ட ஷெட்டுக்கு இன்று நீட்டிப்புக் கேட்டு வருகிறவர்களிடம் 1984 பிரதி இருப்பதில்லை, இன்ஜினியர் அலைகிறார். ஒப்பந்தம் போடும் அன்றே இறக்கி, முதல் பக்கத்தை அச்செடுத்து, அதில் தேதி எழுதி, இருதரப்பும் சுருக்கொப்பமிட்டு ஒப்பந்தத்தோடு ஒரே ஃபைலில் குத்தி வையுங்கள்.